விளக்கு வைத்தபின் வருகிற புருஷன்

என் புருஷன் போர்லாங் என் வீட்டில் ஒரு கவளம் சோறு தின்றதில்லை. முப்பத்தொரு வருஷம் வந்து போனவர், என் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஒரு கவளம் கிடையாது. டீத்தண்ணீர்கூடக் கிடையாது. வெற்றிலை பாக்கு மட்டும் மடித்துக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வார். எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். ஷில்லாங்குக்குக் கிழக்கே எங்கள் ஜெயந்தியா மலையில் பழைய குடும்பங்களில் அது அப்படித்தான். ஆண்பிள்ளை அம்மா வீட்டில் சாப்பிடுவான், பகலெல்லாம் அந்த வீட்டுக்கே உழைப்பான். விளக்கு வைத்தபின் பெண்டாட்டி வீட்டுக்கு நடப்பான். கோழி கூவுவதற்குள் திரும்பிப் போய்விடுவான். செத்தால் அவன் எலும்பும் அம்மா வீட்டுக் கல்லறையில்தான். என் வீடு என் அம்மாவின் வீடு. கடைசி மகள் என்பதால் அடுப்பும் வயலும் மஞ்சள் தோட்டமும் என் கைக்கு வந்தன. அந்த வீட்டில் ஆண்பிள்ளைப் பேச்சு என்றால் அது என் அண்ணன் மனாரின் பேச்சு. போர்லாங் அங்கே விருந்தாளி. அதனால்தான் கடைசிவரை நான் அவரை 'நீங்க' என்றேன், அவரும் என்னை 'நீங்க' என்றார்.

அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், பைன் மரச் சரிவின் மேலே. என் வாசலில் ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால், அது மென்று முடிகிற இடத்தில் அவர் வாசல் வந்துவிடும். அவ்வளவுதான் தூரம். இதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் தூரத்தைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை.

அவர் மரம் அறுக்கிறவர். பதிமூன்று வயதில் அவருடைய மாமாவோடு இரட்டை ஆள் ரம்பத்தில் கை வைத்தார். பிறகு கூரை போடும் வேலையும் கற்றுக்கொண்டார். இந்த ஊரில் பாதி வீட்டுத் தகரம் அவர் கையால் ஏறியது. நான் ஜோவாய் சந்தையில் மஞ்சள் விற்றுக்கொண்டிருந்தேன். எட்டு நாளைக்கு ஒரு சந்தை. ஒரே சந்தையில் மூன்று தடவை வந்து மஞ்சள் வாங்கினார். அடுத்த சந்தையிலும் அப்படியே. அதற்கடுத்த சந்தைக்கு அவர் தங்கச்சி தைலின் வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல மூணு வருஷத்துக்கு மஞ்சள் இருக்கு. மேல வைக்க எடமில்ல. தயவு பண்ணி எங்க அண்ணனுக்கு வேற ஏதாவது விக்கப் பாருங்க."

"என்கிட்ட மஞ்சள் மட்டும்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப மஞ்சளை நிறுத்திட்டு ஆளை எடுத்துக்கங்க" என்றாள்.

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்த சிரிப்பில் எனக்குத் தராசு ஆடியது. அவள் வீட்டுப் பெரியவரும் என் அண்ணனும் பேசினார்கள். அறுவடை முடிந்ததும் அவர் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

முதல் மாதம் வாசற்படியை ஒட்டியே உட்காருவார். மனார் கிண்டல் செய்வான். "கதவு ஓடிப் போயிடாதுங்க. கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க." அவர் சிரித்துக்கொண்டே ஒரு முழம் தள்ளி உட்காருவார். அந்த ஒரு முழத்துக்கு மேல் அவர் முப்பது வருஷத்தில் தள்ளி உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

மூத்தவள் ரிசா பிறந்தாள், அடுத்தவன் கித்போர். பிள்ளைகள் பாதி நாள் அவர் வருமுன் தூங்கியிருப்பார்கள். ரிசாவுக்கு நாலு வயதிருக்கும்போது சந்தைக்குக் கூட்டிப்போனேன். அவர் பலகைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. இவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அம்மா, நம்ம வீட்டுக்கு இருட்டுல வர்ற ஆளு பகல்லயும் இருக்காரு" என்றாள்.

சந்தையே சிரித்தது. அவரும் சிரித்தார். பலகையை இறக்கி வைத்துவிட்டு அவளுக்கு ஒரு அரிசி ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அன்று இருட்டியபின் வந்தவர், தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. பகல்ல இவ மூக்கு உங்க அம்மா மூக்கு மாதிரி இருக்கு. இந்த வெளிச்சத்துல தெரியல" என்றார்.

எனக்கு அப்போது அது ஒரு வேடிக்கையான பேச்சாகத்தான் பட்டது.

ஒரு மனிதருக்குள் இரண்டு மனிதர் இருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. ஆனி மழையில் எங்கள் ஊரில் நோய் விரட்டும் திருவிழா நடக்கும். ஆண்பிள்ளைகள் மூங்கிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு கூரையைத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வருஷம் நான் அவர் வீட்டு வழியாகப் போனேன். முற்றத்தில் நின்று தைலினின் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் கயித்த யாருடா அப்படிக் கட்டினது? அவுத்துடு. கை எதுக்கு இருக்கு உனக்கு?" பெரிய பெரிய பையன்கள், மீசை முளைத்தவர்கள், "சரி மாமா, சரி மாமா" என்று ஓடினார்கள். தைலின் உள்ளேயிருந்து, "அண்ணா, சோறு எப்ப போடட்டும்?" என்று கேட்டு நின்றாள். அந்தக் குரலை நான் என் வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை. யாரோ ஒரு வீட்டு எஜமானை எட்டிப் பார்த்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டேன்.

என் வீட்டில் அந்தக் குரல் மனாருடையது. கித்போர் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் போகாமல் ஆற்றில் மீன் பிடித்துத் திரிந்தான். மனார் கண்டுபிடித்து, விளக்கு வைத்த நேரத்தில் அவனைப் பிரம்பால் விளாசினான். போர்லாங் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். பையன் அடி வாங்கிக்கொண்டே அப்பாவைப் பார்க்கிறான். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் எழுந்து, "இன்னைக்கு எனக்கு வேலை இருக்கு" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் நான் விடவில்லை. "எங்க அண்ணன் அடிச்சது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"அவர் செஞ்சது சரிதான். நானும் அங்க எங்க தைலின் பசங்கள அடிக்கறவன்தான்."

"பிறகு என்ன?"

"அங்க நான் அடிக்கும்போது அவங்க அப்பா உக்காந்து பாத்துட்டு இருக்கறதில்ல. இங்க நான் இருந்தேன்."

அதற்கு நான், "அப்ப நீங்க கொஞ்சம் லேட்டா வாங்க" என்றேன். நல்ல யோசனை சொன்னதாக நினைப்பு. அவரும் அதன்பின் கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தார்.

இப்படியே காலம் போனது. ரிசா படித்து வாத்தியாரம்மா ஆனாள். பன்ஷன் என்கிற பையனைக் கட்டினாள். அவன் அம்மா வீடு தெற்கே வங்கதேச எல்லைப் பக்கம், பஸ்ஸில் ஒரு பகல் தூரம். தினமும் சாப்பிட்டுவிட்டு நடந்து வா என்று அவனை எப்படிச் சொல்வது? அதனால் எங்களோடே இருந்தான், எங்களோடே தின்றான். முதல் வாரம் அவன் என் அடுப்பங்கரையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. பிறகு பழகிவிட்டது. அவன் தட்டை அவனே கழுவுவான். மனார் அதைப் பார்த்து, "மாப்பிள்ளை, உங்க மாமியாருக்குக் கை நல்லாத்தான் இருக்கு" என்பான். "என் கையும் நல்லாத்தான் இருக்கு மாமா" என்பான் இவன்.

போர்லாங்குக்கு ஐம்பத்தெட்டு வயதில், அடை மழையில், ஒரு வீட்டுக் கூரையில் ஒழுகுகிற தகரத்தை மாற்றப் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. தைலினும் அவள் மகன்களும் ஷில்லாங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கையெழுத்துப் போட்டதும் அவர்கள்தான். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்குக் குறையில்லை, அது அவர்கள் ரத்தம்.

ஒரு வாரம் கழித்துத் தைலினுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அவள் பையன்களுக்கு வேலை. "அண்ணி, நாலு நாள் நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டனுப்பினாள். போனேன். ஷில்லாங்கில் எங்கள் சொந்தக்காரி ஒருத்தி வீட்டில் சமைத்தேன். சோறு, கருவாட்டுச் சட்னி, கொஞ்சம் பன்றிக் கறி. தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலருகில் போய் நின்றபின்தான் எனக்குத் தோன்றியது, இவர் இதைத் தின்பாரா என்று.

தூக்கையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது யார் வீடு?" என்று கேட்டார்.

"என்ன கேக்கறீங்க? ஆஸ்பத்திரி."

"அதான். இது யார் வீடும் இல்ல. போடுங்க."

தின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், அவர் எந்தப் பக்கப் பல்லால் மெல்லுவார் என்று அன்றுதான் கண்டேன். இடது பக்கம். பாதி தின்றபின், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"முப்பது வருஷம் கழிச்சு ஒரு வாய் தின்னுட்டு அதுலயும் குத்தமா?"

"குத்தமில்ல. சொல்ற பாக்கியம் இப்பதான் கெடச்சுது."

பக்கத்துக் கட்டில்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த நாலு நாள் நான் அவருக்கு மூன்று வேளையும் போட்டேன், முகம் துடைத்தேன், பகலில் அவர் தூங்குவதைப் பார்த்தேன். நாலாம் நாள் மத்தியானம், தட்டை எடுத்து வைக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டாக்டர் சொல்லிட்டார், ரிசா அம்மா. இனிமே நடக்க முடியாது. சரிவுல இறங்கி உங்க வீட்டுக்கு வர என்னால ஆகாது."

"மெதுவா ஆகும்."

"ஆகாது. நான் ஒண்ணு கேக்கறேன். இங்கிருந்து நேரா என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஒரு மூலை போதும். பன்ஷன் சாப்பிடற மாதிரி நானும் சாப்பிட்டுக்கறேன்."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.  எதிர்பாராத நேரத்தில் கேட்டால் என் வாயில் எப்போதும் 'முடியாது'தான் முதலில் வரும், அது என் பிறவிக் குணம்.

"அது எப்படி? உங்க தங்கச்சி என்ன நினைப்பா? இடுப்பு ஒடிஞ்ச அண்ணனைப் பெண்டாட்டி வீட்டுல தள்ளிட்டாங்கன்னு ஊர் அவளைத்தான் பேசும். எங்க அண்ணன் ஒத்துக்கவே மாட்டான். எங்க அம்மா இருந்த வீடு அது. எங்க அப்பாவே அங்க ஒரு வாய் தின்னதில்ல."

"பன்ஷன் தின்னறானே."

"அவனுக்கு அம்மா வீடு தூரம். உங்களுக்கு என்ன? கண்ணுக்குத் தெரியுது."

கையை எடுத்துக்கொண்டார். "சரி" என்றார். "வெத்தலை இருந்தா மடிச்சுக் குடுங்க." மடித்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது ஜீப்பில் ஊர் முக்குவரை வந்தோம். அதற்குமேல் மூங்கில் நாற்காலியில் வைத்துத் தைலினின் மூத்தவன் முதுகில் சுமந்தான். ஊர் முக்கில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஓடை, சரிவு, அவர் வீடு. வலது பக்கம் என் வீடு. பையன் அங்கே கொஞ்சம் நின்றான், மூச்சு வாங்கத்தான் நின்றான். தைலின் என்னைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை, முதுகில் பின்பக்கமாக உட்கார்ந்திருந்ததால் நாங்கள் வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும் எனக்கு அப்போது. "இந்தப் பக்கம்" என்றிருந்தால் போதும். நான், "பாத்துப் போங்க, கல்லு வழுக்கும்" என்றேன். அவர்கள் இடது பக்கம் திரும்பினார்கள்.

எங்கள் கல்யாணம் என்பது அவர் கால்தான். அவர் நடந்து வந்தால் கல்யாணம் உண்டு. கால் போனபின் என்ன மீதி? சந்தைக்கு ஒரு தடவை, எட்டு நாளைக்கு ஒரு முறை, வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு பகலில் போய்ப் பார்ப்பேன். அந்த வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. முக்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள். "விருந்தாளி வந்தாச்சு, மாமாவை நிமித்தி உக்கார வைங்க" என்பாள் தைலின். அக்கா மகள் தங்கை மகள் என்று நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் என்ன பேச? "மழை எப்படி?" "பேயுது." "மஞ்சள் எடுத்தாச்சா?" "அடுத்த மாசம்." பிறகு எழுந்து வந்துவிடுவேன்.

ரிசாதான் என்னை விடவில்லை. "ஏம்மா, அப்பாவை இங்க கொண்டு வந்தா என்ன? பின்கட்டு சும்மாதானே கிடக்கு."

"வழக்கமில்லடி."

"பன்ஷன் இருக்கறது மட்டும் வழக்கமா?"

"அது வேற."

"எது வேற? அவரும் புருஷன், இவரும் புருஷன். இவர் தட்டு கழுவறாரு, அதுதான் வேறயா?"

"வாத்தியார் வேலையைப் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கோ" என்றேன். அதோடு ஒரு மாதம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன். அந்த மாதிரி நான் நிறைய ஜெயித்திருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நெல் அடித்து முடித்த ஒரு நாள், களத்தில் உட்கார்ந்து மனாருக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் வயதாகிவிட்டது. என்னவோ பேச்சில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உனக்காகத்தானே அவரை அங்க விட்டேன்" என்றேன்.

மனார் வாயருகே கொண்டுபோன வெற்றிலையைக் கீழே இறக்கினான். "எனக்காகவா? யாரை?"

"ரிசா அப்பாவை. ஆஸ்பத்திரியிலயே கேட்டார், கூட்டிட்டுப் போங்கன்னு. நீ ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"என்னை எப்ப கேட்ட?"

"கேக்கல."

"கேக்காம நான் எப்படி ஒத்துக்காமப் போனேன்?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

யோசித்தான். என் அண்ணன் முரடனே தவிரப் பொய் சொல்ல மாட்டான். "மொதல்ல கத்தியிருப்பேன். ரெண்டு நாள் இந்த வீட்டுல தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டேன். மூணாவது நாள் நாற்காலி தூக்க ஆள் தேடியிருப்பேன். வேற என்ன பண்ணச் சொல்ற? முப்பது வருஷமா மழையில நனைஞ்சு வர்ற மனுஷன்."

நான் களத்திலிருந்து எழுந்த வேகத்தில் பாக்கெல்லாம் கொட்டிவிட்டது. மறுநாளே கித்போரையும் பன்ஷனையும் மூங்கில் நாற்காலியோடு கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். பின்கட்டைப் பெருக்கிப் பாய் போட்டுவிட்டுத்தான் போனேன். போகிற வழியெல்லாம் எனக்குச் சின்னப் பெண் மாதிரி இருந்தது.

போர்லாங் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். தைலினின் பேரக்குழந்தை அவர் மடியில் கிடந்தது. தைலின், அவள் மகன்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். எங்க அண்ணன்கிட்ட பேசிட்டேன்."

 கித்போரும் பன்ஷனும் கொண்டுவந்த நாற்காலியை அவர் பார்த்தார். பிறகு தைலினின் மூத்தவனைப் பார்த்தார்.

"என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன நெல்லு மூட்டையா?" என்றார். அது அந்த வீட்டு மாமாவின் குரல், முற்றத்தில் நான் கேட்ட குரல். "இந்த வீட்டுல எனக்கு என்ன குறை? போயிட்டு வாங்க."

பையன்கள் வெளியே போனபின், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தைலினும் நகர்ந்தாள். நாங்கள் இருவரும் மட்டும். அவர் குரல் இறங்கியது.

"ஏன் இப்ப வந்தீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க."

"அங்க கேட்டேன். அங்க நான் யாருக்கும் மாமா இல்ல. வெறும் நோயாளி. வெக்கமில்லாம கேட்டேன். இங்க எப்படி முடியும்? நான் அதட்டி வளத்த பசங்க இவங்க. பெண்டாட்டி வீட்டுச் சோத்துக்கு ஆசைப்பட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்றாருன்னு இவங்க முன்னாடி முதுகுல ஏறி உக்காரச் சொல்றீங்களா?"

"யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேன்" என்றார். "நடந்து வரணும்னு பழக்கிட்டாங்க என்னை. நடந்து வந்தா மாப்பிள்ளை. தூக்கிட்டு வந்தா என்னன்னு எனக்குத் தெரியல."

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. வெளியே வந்தபோது வாசலில் தைலின் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? அவரு வரமாட்டாரு. நீங்க இங்க வந்துடுங்க. சாயங்காலம் வாங்க, காலையில போங்க. அவரு இத்தனை வருஷம் வரலையா? நான் உள் ரூமைக் காலி பண்ணித் தர்றேன். பசங்களை நான் பாத்துக்கறேன்."

நினைத்துப்பாருங்கள், அந்த வீட்டின் சொந்தக்காரி, தன் வாயால் கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புருஷன் வீட்டுக்குப் படுக்கப் போற பொம்பளையை நீ எங்கயாவது பாத்திருக்கியா? எங்க அம்மா அடுப்பை யார் பாக்கறது? கடைசிப் பொண்ணு நான்." அவள் கோபப்படவில்லை. "அடுப்பை ரிசா பாப்பா" என்றாள். நான் ஓடையில் இறங்கினேன். கித்போர் காலி நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தான். வழியில் ஒரு கிழவி, "என்னடா, ஆளைக் காணோம்?" என்று கேட்டாள். அவன், "அடுத்த சந்தைக்குக் கொண்டு வர்றோம் பாட்டி" என்று சிரித்துச் சமாளித்தான்.

அவர் வெட்கப்பட்டார், நான் வீம்பு பிடித்தேன். அவரை நடக்கிறவராக வளர்த்தார்கள், என்னைக் காத்திருக்கிறவளாக வளர்த்தார்கள். இருவரும் நன்றாகவே வளர்ந்துவிட்டோம். எனக்கு இரண்டு கால் இருந்தது. மஞ்சள் மூட்டையோடு ஜோவாய் வரைக்கும் நடக்கிற கால். அந்த வழி எதிர்ப்பக்கமும் போகும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். வழக்கம்போல எட்டு நாளைக்கொரு முறை பழத்தோடு போனேன். மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை தைலினின் இளையவன் ஓடி வந்து சொன்னான். போனேன். அவர்கள் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

மூன்று நாள் அந்த வீட்டில் ஊர் கூடியிருந்தது. அவர் எலும்பு அவர் அம்மாவின் எலும்போடு போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. அதை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் நான் விடமாட்டேன். செத்தவர்கள் அம்மாவோடு இருக்கட்டும், நானும் என் அம்மாவோடுதான் இருப்பேன். உயிரோடு இருந்த அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் என் பேச்சு. அதை வழக்கம் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. கேட்காமலே நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். அவருக்குத் தவளை என்றால் பயமாம். ரம்பம் இழுக்கும்போது மெதுவாகப் பாடுவாராம், யாராவது கேட்டால் நிறுத்திவிடுவாராம். மீன் தலையை யாருக்கும் தரமாட்டாராம். நோயில் கிடந்தபோது குழந்தைகளுக்கு ஒரு நரியின் கதையைத் தினம் ஒரு முடிவோடு சொல்வாராம். ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தி சிரிக்க, சிரித்துக்கொண்டே அழ, இப்படி ஒரு பகல் முழுக்கப் போனது. நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தவளைக்காரரை, பாட்டுக்காரரை எனக்குத் தெரியாது.

கடைசியில் தைலினின் மூத்தவன் என் பக்கம் திரும்பினான். மரியாதையான பையன். "அத்தை, நீங்க ஒண்ணும் சொல்லலையே. மாமாவைப் பத்தி நீங்களும் ஒண்ணு சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். இருட்டில் வந்தவர், இருட்டில் போனவர். அந்த நாலு நாளைத் தவிர வேறு எதுவும் என் கையில் இல்லை. அதைச் சொன்னால் அவர் என்னிடம் கேட்டதையும் சொல்ல வேண்டும், நான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டும். "நல்ல மனுஷன்" என்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள்.